'வானம் உயரம், பேரரசர் தூரம்': ஒரு சீனச் சொலவடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாங்சோ நகரின் மொத்தத் துணிச் சந்தையில் ஒரு திருப்பூர் வியாபாரிக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தபோதுதான் இந்தச் சொலவடையை முதன்முதலில் காதால் கேட்டேன். ரசீது, வரி என்று ஏதோ பேச்சு வந்தது. கடைக்காரப் பெரியவர் கையை ஆட்டிச் சிரித்தபடி ஐந்தாறு அசைகளில் ஒன்றைச் சொன்னார். "என்ன தம்பி சொல்றாரு?" என்றார் நம் வியாபாரி. "இங்கே கேட்கிறதுக்கு ஆள் இல்லைங்கிறாருங்கண்ணா" என்றேன். மொழிபெயர்ப்பு சரிதான். ஆனால் அது எந்த வாயிலிருந்து, எந்த வலியில் பிறந்த சொல் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு இதை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்ததில்லை. சீன மொழி படிக்கும் நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்தச் சொலவடை எது? எப்படி உச்சரிப்பது?

தியென் காவ் ஹுவாங்தி யுவென். 'தியென்' என்றால் வானம், 'காவ்' உயரம், 'ஹுவாங்தி' பேரரசர், 'யுவென்' தூரம். இடையில் 'ஆனால்', 'ஆகவே' எதுவும் இல்லை. இரண்டு உண்மைகளை அருகருகே வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. மிச்சத்தைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் ஆளுக்கு ஒரு பொருளில் இதைப் பயன்படுத்த முடிகிறது.

வானம் எதற்கு? பேரரசர் தூரம் என்று மட்டும் சொன்னால் போதாதா?

போதாது. சீன மரபில் 'தியென்' தலைக்கு மேலே தெரியும் நீலம் மட்டுமல்ல. அது நியாயம் வழங்கும் மேலான ஆற்றல். பேரரசருக்கு 'வானத்தின் மைந்தர்' என்றே பெயர். வானம் தந்த ஆணையால்தான் அவர் ஆள்கிறார், கொடுங்கோலனானால் அந்த ஆணை பறிபோகும் என்பது மூவாயிரம் ஆண்டுப் பழமையான சௌ வம்சக் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. ஆக, அநியாயம் நடந்தால் முறையிட இரண்டு இடங்கள்: ஒன்று வானம், மற்றொன்று பேரரசர். முதலாவது எட்டாத உயரத்தில், இரண்டாவது எட்டாத தூரத்தில். இரண்டு கதவும் சாத்தியாயிற்று என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்று நாம் சொல்கிறோம். இன்றோ நாளையோ கணக்குத் தீரும் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. சீன வரியில் அந்த ஆறுதல் கிடையாது.

இது எவ்வளவு பழையது?

'ஹுவாங்தி' என்ற பட்டமே கி.மு. 221இல்தான் பிறந்தது. ஆறு நாடுகளை வென்று சீனாவை ஒன்றாக்கிய சின் அரசர் 'மன்னர்' என்ற பழைய பட்டம் தனக்குப் போதாது என்று கருதி இதைப் புதிதாகச் சூட்டிக்கொண்டார். எனவே இந்த வரி அதற்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. 'பண்டைய சீன ஞானி சொன்னது' என்று இணையத்தில் இதைச் சுற்றவிடுகிறார்கள். எந்த ஞானியும் சொன்னதல்ல. இதை எழுத்தில் பிடித்து வைத்த பழைய பதிவு ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சம் சரிந்துகொண்டிருந்த காலத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

அந்தப் பதிவு என்ன சொல்கிறது?

இதுதான் இந்தப் பக்கத்தின் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுவானுக்கு அடுத்து வந்த மிங் வம்சக் காலத்துக் குறிப்பேடு ஒன்றில், யுவான் வம்சத்தின் கடைசி நாட்களில் தாய்சோ, வென்சோ, சூசோ ஆகிய மூன்று வட்டாரங்களில் மக்கள் கொடி நட்டார்கள் என்றும், அந்தக் கொடியில் நாலு வரி எழுதியிருந்தது என்றும் வருகிறது. மூன்றும் இன்றைய ஜெஜியாங் மாகாணத்தின் தெற்குப் பகுதியில் உள்ளவை. மலையும் கடலும் நெருக்கும் நிலம். சூசோவின் இன்றைய பெயர் லீஷுய். அந்த நாலு வரியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

வானம் உயரத்தில், பேரரசர் தூரத்தில்.
குடிகள் கொஞ்சம், எசமான்கள் ஏராளம்.
நாளொன்றுக்கு மூன்று தரம் அடி.
எதிர்த்து எழாமல் வேறென்ன செய்ய?

சீனத்தில் வரிக்கு ஐந்து எழுத்து, நாலு வரிக்கு இருபது. இரண்டாம் வரியின் கடைசி எழுத்தும் நாலாம் வரியின் கடைசி எழுத்தும் இயைந்து ஒலிக்கும். வாய்விட்டுச் சொன்னால் நடைக்குத் தாளம் போடுவது போல இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்.

அந்தப் பேரரசர் இருந்த தலைநகரம் தாதூ, அதாவது இன்றைய பெய்ஜிங். அங்கே 1333 முதல் அரியணையில் இருந்தவர் தோகோன் தெமூர். வென்சோ விவசாயி ஒருவர் தன் முதுகில் விழும் அடியைப் பற்றி அவரிடம் முறையிட வேண்டுமென்றால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். அடித்தவர்களோ அடுத்த தெருவில் இருந்தார்கள்.

இன்று முதல் வரி மட்டும்தான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மற்ற மூன்றும் உதிர்ந்துவிட்டன. அடி என்ற சொல் உள்ள வரியும், கிளர்ச்சி என்ற சொல் உள்ள வரியும் போய்விட்டதால், எஞ்சிய வரி எந்தச் சட்டைக்கும் பொருந்தும் பொத்தானாகிவிட்டது.

இரண்டாம் வரியில் வரும் 'எசமான்கள்' யார்?

மூலத்தில் உள்ள சொல் 'சியாங்குங்'. முற்காலத்தில் தலைமை அமைச்சர் நிலையில் இருந்தவரை மட்டுமே அப்படி அழைப்பார்கள். காலம் போகப்போக அந்த மரியாதைச் சொல் கீழே இறங்கி, ஓரளவு அந்தஸ்துள்ள எவரையும் அழைக்கும் சொல்லாகிவிட்டது. எண்ணிக்கையில் மக்களைவிட 'ஐயா' போட வேண்டியவர்கள் அதிகம் என்று அந்த வரி சொல்வதில் இந்த மலிவும் சேர்ந்தே தொனிக்கிறது.

கொடி நட்ட பிறகு என்ன நடந்தது?

அதே தாய்சோவில் ஃபாங் குவோஜென் என்பவர் 1348இல் கிளர்ந்தெழுந்தார். உப்பு வணிகமும் கடல் போக்குவரத்தும் செய்து பிழைத்தவர். கடற்கொள்ளையருடன் கூட்டு என்று குற்றம் சாட்டப்பட்டதும், சாட்டியவரைக் கொன்றுவிட்டுத் தன் ஆட்களோடு கடலுக்குள் போய்விட்டார். தலைநகருக்கான நெல்லும் தானியமும் தெற்கிலிருந்து கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பல்களை அவர் மறித்தார். தூரத்தில் இருந்த பேரரசரின் சோற்றுத்தட்டு வரை அது எட்டியது. அரசாங்கம் அவரை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பத் திரும்பப் பதவி கொடுத்துச் சமாதானம் பேசியது. யுவான் வம்சம் 1368இல் வீழ்ந்தது. வீழ்த்தி மிங் வம்சத்தை நிறுவியவர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்த ஜூ யுவான்ஜாங்.

பேரரசர் உண்மையில் எவ்வளவு தூரம்?

கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் பாதிதான் புரியும்.

சீனாவின் கடைசி வம்சமான சிங் வம்சக் காலத்தில் அவசர ஓலைகள் குதிரை மாற்றி மாற்றி நாளொன்றுக்கு 600 லி வேகத்தில் போக வேண்டும் என்று ஆணை இருந்தது. ஒரு லி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். அது போர், கிளர்ச்சி, வெள்ளம் போன்றவற்றுக்கு. சாதாரண அரசுக் கடிதம் தென்கோடியிலிருந்து பெய்ஜிங் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும். சாதாரண மனிதரின் மனு? அது அந்தக் குதிரையில் ஏறவே ஏறாது.

அடுத்தது, ஆள் எண்ணிக்கை. பேரரசர் நேரடியாக நியமிக்கும் அதிகாரிகளில் மக்களுக்கு மிக அருகில் இருந்தவர் மாவட்ட நடுவர். வரி வசூல், வழக்கு, சிறை, பள்ளி, கிணறு, பாலம் எல்லாம் அவர் தலையில். 'தாய் தந்தை அதிகாரி' என்றே அவரை அழைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனாவில் 40 கோடிக்கும் மேல் மக்கள், மாவட்டங்கள் சுமார் 1,300. சராசரியாக மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு ஒரு தாய் தந்தை.

அதோடு, யாரும் சொந்த மாகாணத்தில் பதவி வகிக்கக் கூடாது என்ற விதி. சொந்தக்காரர் செல்வாக்கைத் தடுக்கத்தான் அந்த விதி, நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்த நடுவருக்குத் தெற்கத்தி ஊர்ப்பேச்சு ஒரு சொல்லும் புரியாது. சில ஆண்டுகளில் மாற்றல் வேறு. நிலப் பதிவேடு எங்கே, யார் யாருக்குப் பகை, யார் வரி பாக்கி என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் குமாஸ்தாக்களுக்கும் சேவகர்களுக்கும்தான் தெரியும். மனுவை நடுவர் மேசைக்குக் கொண்டுபோகவே அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். 'மாவட்ட நடுவரைவிட இப்போது கையில் வைத்திருப்பவரே பெரியவர்' என்று இதற்கும் ஒரு சீனச் சொலவடை உண்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்று நாம் சொல்வது அப்படியே இதுதான்.

பேரரசர்கள் இந்தத் தூரத்தைக் குறைக்க முயலவில்லையா?

முயன்றார்கள். சிலர் மனதார முயன்றார்கள் என்றே நினைக்கிறேன்.

தலைநகரில் முறையீட்டு முரசு ஒன்று இருக்கும். மனுநீதிச் சோழன் கதையில் வரும் ஆராய்ச்சி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். 993ஆம் ஆண்டு, சொங் வம்சத் தலைநகர் கைஃபெங் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த முரசை அடித்தார். வழக்கு என்ன தெரியுமா? வீட்டு வேலையாள் ஒரு பன்றியைத் தொலைத்துவிட்டான். பேரரசர் தாய்சொங் அதைக் கேட்டு, பன்றிக்கு ஈடாக ஆயிரம் காசு கொடுக்கச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கும் என்னிடம் வருவது வேடிக்கைதான், ஆனால் இந்த மனத்தோடு நாட்டை ஆண்டால் அநியாயத்துக்கு ஆளானவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார் என்ற பொருளில் அமைச்சர்களிடம் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. அழகான கதை. ஆனால் பன்றியைத் தொலைத்தவர் வீடு எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்: அரண்மனைக்குப் பக்கத்தில்.

ஜூ யுவான்ஜாங் இன்னும் ஒரு படி மேலே போனார். அதிகாரிகளிடம் அடிபட்டு வளர்ந்தவர் அவர். 1380களில் வெளியிட்ட ஆணைத் தொகுப்பில், மக்களை வதைக்கும் குமாஸ்தாக்களை மக்களே கட்டிப் பிடித்துத் தலைநகர் நான்ஜிங்குக்குக் கொண்டுவரலாம் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் வெளியூர் போகவே வழிச்சீட்டு வேண்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டாம், சோதனைச் சாவடியில் தடுப்பவனுக்குத்தான் தண்டனை என்றார். சாங்ஷூ மாவட்டத்தில் சென் ஷௌலியு என்ற குடியானவர், தன்னைக் கொடுமைப்படுத்திய குமாஸ்தாவைத் தம்பியோடும் சகோதரி மகனோடும் சேர்ந்து பிடித்துக் கட்டி, அந்த ஆணைப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தலைநகருக்கு நடந்தார். பேரரசர் அவருக்குப் பணமும் மூன்றாண்டுக் கட்டாய வேலை விலக்கும் கொடுத்து, இவரைப் பழிவாங்க நினைப்பவர் கதி மோசமாகும் என்று எச்சரிக்கையும் விட்டார். ஒரு கையில் கயிறு, மறு கையில் புத்தகத்தோடு சாலையில் போகும் அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆனால் சாங்ஷூவிலிருந்து நான்ஜிங் சுமார் 200 கிலோமீட்டர்தான். தென்மேற்கு மலைகளிலிருந்து யார் அப்படி நடந்து வர முடியும்?

சிங் வம்சத்துக் காங்ஷி, யோங்செங் பேரரசர்கள் வேறு வழி பார்த்தார்கள். நம்பிக்கையான அதிகாரிகள் பூட்டிய பெட்டியில் நேரடியாகப் பேரரசருக்கு ரகசியக் கடிதம் அனுப்புவார்கள். அவர் சிவப்பு மையில் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். காங்ஷியும் பின்னர் சியென்லோங்கும் ஆளுக்கு ஆறு முறை தெற்கே நேரில் பயணம் போனார்கள். பேரரசர் வரும் சாலையில் அநியாயம் கண்ணில் படும்படி எந்த அதிகாரி விட்டுவைப்பார்?

இதே சீனப் பேரரசின் சொல் கடல் தாண்டிப் போன கதை நமக்கு நெருக்கமானது. மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுபோன 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு காலி நகரில் கிடைத்தது, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறித்தது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குப் படைத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அவ்வளவு தூரத்துக்குத் தமிழிலேயே சொல் அனுப்ப முடிந்த அரசு அது. மேலிருந்து கீழே சொல் போக வழி எப்போதும் இருந்தது. கீழிருந்து மேலே போகத்தான் இல்லை.

யாராவது ஒருவராவது அந்தத் தூரத்தைக் கடந்து நியாயம் பெற்றார்களா?

பெற்றார்கள். என்ன விலை கொடுத்து என்பதற்கு யாங் நாய்வூ வழக்கைச் சொல்ல வேண்டும். சொலவடை பிறந்த அதே ஜெஜியாங் மாகாணம். ஆண்டு 1873.

ஹாங்சோவுக்குப் பக்கத்தில் யூஹாங் மாவட்டம். தௌஃபு (சோயாப் பால்கட்டி) கடையில் வேலை பார்த்த கெ பின்லியென் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அவர் மனைவி பி ஷியூகு. பச்சை மேலாடையும் வெள்ளைக் கீழாடையுமாக இருப்பார் என்பதால் ஊர் அவருக்குச் 'சின்ன பாக்சாய்' என்று, பச்சை இலையும் வெள்ளைத் தண்டும் உள்ள ஒரு கீரையின் பெயரையே பட்டமாக வைத்திருந்தது. அவர்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் யாங் நாய்வூ, மாகாணத் தேர்வில் தேறிய படிப்பாளி. இருவரையும் சேர்த்து ஊரில் வம்பு பேசியிருந்தார்கள். பிணம் வீங்கி நிறம் மாறியதும் விஷம் என்று சந்தேகம் வந்தது.

பிணத்தைச் சோதித்தவர் தொண்டையில் வெள்ளி ஊசியைச் செருகினார். ஊசி கறுத்தது. விதிப்படி அந்த ஊசியை, நம் சீயக்காய் போல நுரைக்கும் ஒரு காயின் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவியும் கறுப்புப் போகாவிட்டால்தான் விஷம். அன்று யாரும் கழுவவில்லை. கழுவாத அந்த ஓர் ஊசியிலிருந்து மூன்றாண்டு வதை தொடங்கியது.

விரல்களைக் கட்டைக்கிடையே வைத்து நெரித்ததில் பி ஷியூகு, யாங்தான் நஞ்சு கொடுத்தார் என்று ஒப்புக்கொண்டார். யாங்கின் கணுக்காலை நெரித்து அவரிடமும் ஒப்புதல் வாங்கினார்கள். மாவட்டம் தீர்ப்பெழுதியது, மேலே ஹாங்சோவும் ஒப்பியது, மாகாண ஆளுநரும் ஒப்பினார். அவருக்குத் தலைவெட்டு. அவளுக்கு அணுஅணுவாக வெட்டிக் கொல்லும் தண்டனை.

யாங்கின் அக்காவும் மனைவியும் பெய்ஜிங் போனார்கள். ஹாங்சோவிலிருந்து பெருங்கால்வாய் வழியாகக் கணக்கிட்டால் சுமார் 1,800 கிலோமீட்டர். மனு கொடுத்தார்கள். தலைநகர அலுவலகம் அந்த மனுவை எங்கே அனுப்பியது? மறுவிசாரணைக்காக அதே ஜெஜியாங் ஆளுநரிடம். 'வானம் உயரம், பேரரசர் தூரம்' என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியாது. எந்த வீட்டில் அடித்தார்களோ அந்த வீட்டுக்கே கடிதம் திரும்பி வருகிறது.

மறுபடியும் போனார்கள். இந்த முறை துணைக்கு இரண்டு வந்தன. ஜெஜியாங் ஊர்க்காரர்களாகப் பெய்ஜிங்கில் இருந்த அதிகாரிகள் கூடிக் குரல் கொடுத்தார்கள். 1872இல் ஷாங்காயில் தொடங்கியிருந்த ஷென்பாவ் நாளிதழ் வழக்கைத் தொடர்ந்து எழுதியது. பேரரசர் குவாங்ஷூ அப்போது சிறு பிள்ளை. ஆட்சி பேரரசித்தாய்களின் கையில். கடைசியில் சவப்பெட்டியையே பெய்ஜிங்குக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். 1877 தொடக்கத்தில், கூட்டத்துக்கு நடுவே, பெட்டி திறந்தது. எலும்பில் விஷத்தின் சுவடே இல்லை. இருவரும் விடுதலையானார்கள். ஆளுநர் பதவி இழந்தார். மாவட்ட நடுவர் வடகிழக்குக் கோடியில் உள்ள ஹெய்லோங்ஜியாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்.

யாங் ஊர் திரும்பிப் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தார். பி ஷியூகு தலையை மழித்துக்கொண்டு பௌத்தத் துறவியானார். நெரிபட்ட விரல்களை எந்தத் தீர்ப்பு நிமிர்த்தும்?

அப்படியானால் 'சுதந்திரம்' என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

அதே தூரத்திலிருந்துதான். நியாயம் எட்டாத இடத்துக்கு வரி வசூலிப்பவரும் சில வேளை எட்டுவதில்லை. 'கிணறு வெட்டிக் குடிக்கிறேன், நிலம் உழுது உண்கிறேன், பேரரசரின் வலிமைக்கும் எனக்கும் என்ன?' என்று ஒரு முதியவர் பாடியதாகச் சீனாவில் மிகப் பழைய பாட்டு ஒன்று உண்டு. ஆட்சி கண்ணில் படாமல் இருப்பதே நல்லாட்சி என்ற எண்ணம் அங்கே ஆழமானது. சொலவடையின் முதல் வரி தனியே கழன்று வந்தபோது இந்த எண்ணத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

இன்று இது மூன்று வகையில் புழங்குகிறது. உள்ளூர் அதிகாரி சட்டத்தை மதிக்காமல் ஆடுவதைக் கண்டிக்க. 'இங்கே நம் இஷ்டம்' என்று ஒருவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ள, அதாவது மேலாளர் வெளிநாடு போயிருக்கும் வாரத்தில் அலுவலகத்தில் சொல்வதும் இதைத்தான். மூன்றாவது, வெறுமனே 'ரொம்ப ஒதுக்குப்புறம்' என்று இடத்தைக் குறிக்க. வெளிநாட்டார் எழுதும் கட்டுரைகளில் இரண்டாவது பொருள்தான் அதிகம் வருகிறது. அதை மட்டும் படித்துவிட்டு இதை விடுதலைப் பாட்டாக எண்ணுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'மலை உயரம்' என்றும் கேட்டிருக்கிறேனே?

ஆம், 'ஷான் காவ் ஹுவாங்தி யுவென்'. வானத்துக்குப் பதில் மலை. தெற்கே இந்த வடிவம்தான் அதிகம். கான்டனீஸ் பேச்சில் 'ஸான் கோவ் வொங் தை யூன்' என்பது போல ஒலிக்கும். துணிச் சந்தைப் பெரியவர் சொன்னது இதைத்தான். குவாங்சோ இருக்கும் குவாங்தொங் மாகாணத்துக்கும் வடக்குக்கும் நடுவே நான்லிங் மலைத்தொடர் உண்மையாகவே நிற்கிறது, அதனால் அங்கே இது உவமை அல்ல, வரைபடம். ஆனால் மலை வந்ததும் வானத்தின் நியாயம் என்ற பொருள் உதிர்ந்து, வெறும் தூரம் மட்டும் மிஞ்சுகிறது.

1980இல் குவாங்தொங்கில் உள்ள ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. பெய்ஜிங்கிலிருந்து தள்ளியிருந்ததால்தான் புதியதை அங்கே துணிந்து செய்து பார்க்க முடிந்தது என்று குவாங்தொங் மக்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கொடி நட்ட மூன்று வட்டாரங்களில் ஒன்றான வென்சோவும் அப்படித்தான். சீனாவின் முதல் தனிநபர் வணிக உரிமம் அதே 1980இல் அங்கேதான், பொத்தான் முதலிய சில்லறைச் சாமான் விற்ற ஓர் இளம்பெண்ணுக்குக் கிடைத்தது. அடி தாங்காமல் எழுதிய வரி, அதே ஊரில் அறுநூறு ஆண்டு கழித்துத் தொழில் செய்யும் துணிச்சலுக்குப் பெயராகியிருக்கிறது. சொற்களின் ஆயுளில் இப்படியும் நடக்கும்.

இது 'செங்யூ' வகையைச் சேர்ந்ததா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. செங்யூ என்பவை பெரும்பாலும் நாலெழுத்து, பழைய இலக்கிய நடை. இது ஐந்தெழுத்து, பேச்சு நடை. 'சுயூ', அதாவது மக்கள் வழக்கு என்பார்கள்.

தொலைவிடங்களைப் பற்றி வேறு என்ன சொலவடைகள் உண்டு?

நிறைய. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 'சாட்டை நீளம்தான், எட்டாது' என்ற நாலெழுத்துத் தொடர். கி.மு. 594இல் சூ நாட்டுப் படை முற்றுகையிட்டதால் சொங் நாடு ஜின் நாட்டிடம் உதவி கேட்டது. 'சாட்டை எவ்வளவு நீளமானாலும் குதிரையின் வயிற்றில் படாது' என்று பழமொழி சொல்லி ஜின் அமைச்சர் தடுத்துவிட்டார். தூரம் ஒன்றே. ஆள்பவர் பக்கமிருந்து பார்த்தால் 'என் சாட்டை எட்டவில்லை', ஆளப்படுபவர் பக்கமிருந்து 'என் குரல் எட்டவில்லை'. சாட்டையை உவமையாக எடுத்தது யார் என்பதும் கவனிக்கத்தக்கது.

'வானத்தின் விளிம்பு, கடலின் மூலை' என்பது கடைக்கோடியைக் குறிக்கும். ஹாய்னான் தீவின் சான்யா கடற்கரையில் இந்தச் சொற்களைப் பொறித்த பாறைகளுக்கு முன்னால் இன்று புதுமணத் தம்பதிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1097இல் கவிஞர் சூ தொங்போவை நாடு கடத்தியது அதே தீவுக்குத்தான். 'யேலாங்கின் தற்பெருமை' இன்னொன்று: தென்மேற்கு மலைக்குள் இருந்த யேலாங் நாட்டு மன்னர், ஹான் பேரரசின் தூதரிடம் 'உங்கள் நாடு பெரியதா, எங்கள் நாடு பெரியதா?' என்று கேட்டாராம்.

தமிழில் நேரான பழமொழி உண்டா?

அதிகாரியின் ஆட்டத்தைக் குறிக்கும் பொருளுக்கு 'தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்' நன்றாகப் பொருந்தும். முறையிட வழியற்ற நிலைக்கு 'வேலியே பயிரை மேய்ந்தால்' பக்கத்தில் வரும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பழமொழி தமிழில் என் கண்ணில் படவில்லை. மொழிபெயர்க்கும்போது நான் 'வானம் உயரம், பேரரசர் தூரம்' என்றே நேராகப் போட்டுவிட்டு, இடம் இருந்தால் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.

சீன நண்பர்களிடம் பேசும்போது இதைச் சொல்லலாமா?

உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தாராளமாகச் சொல்லலாம். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், வானம் உயரம் பேரரசர் தூரம் என்றால் சிரிப்பார்கள். அவர்கள் ஊரைப் பற்றி நீங்கள் சொல்லாதீர்கள். 'உங்கள் ஊரில் சட்டம் இல்லை' என்றும், 'உங்கள் ஊர் பட்டிக்காடு' என்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அரசு அலுவலகத்தில் வேலையாகப் போயிருக்கும்போது வாயே திறக்க வேண்டாம்.

வயதானவர் யாராவது பெருமூச்சோடு இதைச் சொன்னால், சட்டென்று சிரித்துவிடாமல் அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நிலம் எடுத்தது, இழப்பீடு வராதது, மனு கொடுத்துவிட்டு அலைந்தது என்று பேச்சு நீளலாம்.